சாமி அலமாரிக்குள் இருந்த கருவி

ஒரு திட்டத்தின் வரைபடங்கள் முதல் தடவையிலேயே அழகாக வந்துவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இது ஒரு வியாதி என்று என் கணவர் சொல்வார். மெல்பர்னில் குடிமக்கள் அறிவியல் திட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் வேலையைப் பல காலம் பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். வியாதி மட்டும் விட்டுப் போகவில்லை. இப்போது என் இடத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கும் அது கொஞ்சம் தொற்றட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் தொழில் என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நீங்களும் திண்டாடிக்கொண்டிருப்பீர்கள். பொதுமக்களே அளந்து, எண்ணி, பார்த்துத் தரும் தகவல்களை வைத்து ஆராய்ச்சி செய்வது. ஓடையில் தவளை கத்துவதைப் பதிவு செய்வதும் இதில் வரும், வீட்டுக்குள் குளிரை அளப்பதும் வரும். கருவிகளைப் பற்றி உங்களுக்கு நிறையப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். அனைவரையும் உள்ளடக்கிய சமூகம் என்று ஒரு ஸ்லைடும், பல நிறக் கைகள் கோத்திருக்கும் படமும் கட்டாயம் காட்டியிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பசிக்கும். அதற்கு அடுத்தது எப்போதும் மதியச் சாப்பாட்டு இடைவேளைதான்.

அந்த ஸ்லைடில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இது மெல்பர்னின் வடக்குப் புறநகரான கிரெய்கிபர்னில் நடந்தது.

ஐரோப்பாவின் சில நகரங்களில் தொடங்கிய திட்டம் அது. குளிர்காலத்தில் சாதாரண மக்களின் வீடுகளுக்குள் எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்பதை அந்தந்த வீட்டுக்காரர்களே அளந்து சொல்வது. மெல்பர்னும் அதில் சேர்ந்துகொண்டது. முதல் காணொளிக் கூட்டத்தில் நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓர் ஆஸ்திரியப் பெண்மணி எங்களைப் பார்த்துவிட்டு, ஏன் வெளியில் நின்று பேசுகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குள்தான் இருக்கிறோம் என்றதும் கேமராவுக்கு அருகில் வந்து எங்கள் பின்னால் இருந்த சுவரை உற்றுப் பார்த்தார். பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்கு வீட்டைக் கதகதப்பாகக் கட்டத் தெரிந்திருக்கிறது. நாம் வெயில் தேசம் என்ற நினைப்பில் அட்டைப்பெட்டி மாதிரி கட்டிவிட்டு இங்கே குளிர்காலமான ஜூலையில் பல் கிட்டித்துப் போகிறோம்.

இதில் வெறும் ஆராய்ச்சி மட்டும் இல்லை. எந்தப் பகுதிகளில் வீடுகள் மோசமாக இருக்கின்றனவோ, அங்கே பழுது பார்க்க உதவியும் வாடகை வீடுகளுக்குச் சரியான சோதனையும் கொண்டுவர இந்த முடிவுகளைக் காட்டி வாதாடப் போகிறோம் என்று மக்களிடம் சொல்லித்தான் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சின்னக் கருவிகளைக் கொடுத்தோம்.

கிரெய்கிபர்னில் தமிழ்க் குழுவைச் சேர்ப்பது என் பொறுப்பு. எனக்கு உதவியாக இருந்தவர் கணேஷ். கோயம்புத்தூர்க்காரர், ஐடி வேலை, கிரெய்கிபர்னிலேயே சொந்த வீடு. ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் காலைக்குள் வண்ண வண்ணமாக ஒரு இணையப் பக்கம் செய்துகொண்டு வந்து நிற்கிற ஆள். சம்பளம் இல்லாத வேலைக்கு இப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். நான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

ஊர்ப் பொது ஹாலில் நடந்த அறிமுகக் கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்குக் கருவியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்படித்தான் சுகந்தியைச் சந்தித்தேன். இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம். கணவர் ரவிக்குக் கிடங்கில் இரவு வேலை, சுகந்திக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகல் வேலை. அபி என்று சின்ன வகுப்பில் படிக்கும் ஒரு மகள். விசா தற்காலிகமானது. வாடகை வீடு.

நான் போனபோது நல்ல குளிர். வீட்டுக்குள் எல்லாச் சன்னல்களும் திறந்து கிடந்தன. நான் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தேன். தேநீர் சமையலறையிலிருந்து வரும் என்று பார்த்தால் கார் நிறுத்தும் கராஜிலிருந்து வந்தது.

“ஏன் சுகந்தி, அடுப்பு ரிப்பேரா?” என்று கேட்டேன்.

“இல்லையக்கா. அபியின்ர அறைச் சுவரில பூஞ்சணம். கறுத்துப்போய்க் கிடக்கு. பிள்ளைக்கு ஒவ்வொரு குளிருக்கும் முட்டு வருது. ஏஜென்டுக்குச் சொன்னனான். நீங்கள் கனக்கச் சமைக்கிறீங்கள், வீட்டுக்குள்ள உடுப்புக் காயப்போடுறீங்கள், அதாலதான் எண்டு சொல்லிப்போட்டினம். சன்னலைத் திறந்து விடட்டாம்.”

வீட்டு ஏஜென்ட் இப்படிச் சொன்னதும், ரவியும் அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் குறைச்சுச் சமையுமன், கராஜுக்குள்ள வைச்சுச் சமையுமன் என்று. ஆக, குழந்தைக்கு மூச்சு இழுப்பது தன்னால்தான் என்று ஊரும் சொல்லி, வீடும் சொல்லி, சுகந்தி பாதி நம்பிவிட்டிருந்தார். கருவி வேண்டும் என்று அவர் கேட்டதற்கு அதுதான் காரணம். பிழை தன்னிடமா, வீட்டிடமா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஏட்டில் எழுதியிருந்த விதிகளைப் படித்துச் சொன்னேன். சமையலறையில் வைக்கக் கூடாது, குளியலறையில் கூடாது. சன்னல் பக்கத்தில் கூடாது. தோள் உயரத்தில் ஒரு சுவர்த் தட்டில் வைக்க வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, தொட்டு நகர்த்தக் கூடாது. சுகந்தி கவனமாகக் கேட்டுக்கொண்டார். விவரங்களை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். பெயர் எங்கேயும் வராது என்றேன். எழுத்தளவில் அது உண்மைதான்.

சில வாரங்கள் கழித்து முதல் முடிவுகளைப் பார்க்க அலுவலகத்தில் கூடினோம். திட்டத் தலைவர் மார்ட்டின், கணேஷ், நான். மார்ட்டின் நல்ல மனிதர், பறவைகளைக் கண்டால் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து சன்னலுக்கு ஓடுகிறவர். அன்றைக்குப் பறவையைக் கண்ட முகத்தோடுதான் உள்ளே வந்தார்.

மெல்பர்னிலேயே மிகக் கதகதப்பான, மிக உலர்ந்த வீடுகள் கிரெய்கிபர்ன் தமிழர்களின் வீடுகள்தான். வரைபடத்தில் எங்கள் கோடு மட்டும் தனியாக, செல்லப்பிள்ளை மாதிரி உயரத்தில் இருந்தது. சூட்டைக் காப்பாற்றும் ஏதோ ஒரு வழக்கம் உங்கள் சமூகத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் ஐரோப்பியக் குழுவிடம் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன் என்றார் மார்ட்டின். கணேஷ் பூரித்துப் போனார். எனக்கும் ஒரு நிமிடம் மார்பு விம்மியது, மறைப்பானேன். நம்மவர்கள் முதல் இடம் என்றால் யாருக்குத்தான் இனிக்காது?

ஆனால் நான் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த வீடும் அந்த வரைபடக் கோட்டுக்குள்தான் இருந்தது. சன்னல் திறந்த அந்த வீடு எப்படிக் கதகதப்பாக இருக்கும்?

வரைபடக் கோட்டை இன்னும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். எல்லா வீட்டிலும் காலையில் ஒரு சின்ன மேடு, மாலையில் ஒரு சின்ன மேடு. வாரத்தில் ஒரு நாள் மாலை மேடு மட்டும் கொஞ்சம் பெரிது.

“அது என்ன கிழமை?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை அக்கா. வெள்ளிக்கிழமை எல்லாரும் ஆபீஸ்ல இருந்து சீக்கிரம் வந்துடுவாங்கல்ல, ஹீட்டர் போட்டிருப்பாங்க,” என்றார் கணேஷ்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கணேஷ், உங்க வீட்டுல அந்தக் கருவிய எங்க வச்சிருக்கீங்க?”

“பூஜை அலமாரியிலதான். வேற எங்க வைக்கிறது? கிச்சன்ல கூடாதுன்னீங்க, ஜன்னல்கிட்ட கூடாதுன்னீங்க. கீழ வச்சா என் பொண்ணு பிரிச்சுப் பார்த்துடுவா. அங்கதான் யாரும் தொட மாட்...” பாதியிலேயே நிறுத்திவிட்டார். அவர் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இங்கே நம் வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தனியாகப் பூஜை அறைக்கு இடம் ஏது? நடைபாதையில் துணி அடுக்குவதற்கென்று கட்டியிருக்கும் சுவர் அலமாரியைக் காலி செய்து சாமியை வைத்துவிடுவோம். வீட்டின் நட்டநடுவில், வெளிச்சுவர் படாமல், கதவு மூடிய பெட்டிக்குள், காலையும் மாலையும் விளக்கு. வெள்ளிக்கிழமை இன்னும் ஒரு விளக்கும் சாம்பிராணியும். எங்கள் விதிகள் அத்தனைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரே இடம். ஒருவர்கூட விதியை மீறவில்லை. மீறாததால்தான் வினை.

சுகந்தியின் வீட்டுக்கு அன்றைக்கே ஓடினேன். அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் எங்கள் வெள்ளைக் கருவி, நெற்றியில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு செம்பருத்திப்பூ வேறு.

“நீங்கள்தானே குசினிக்குள்ள வைக்க வேண்டாம் எண்டு சொன்னனீங்கள். புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்கிறதுதானே,” என்றார் சுகந்தி. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், இதை அபியின் அறைக்கு மாற்றுவோம், வாருங்கள் என்று எழுந்தேன். அவர் எழுந்து போய் அந்த அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

“அங்க வேண்டாமக்கா.”

“ஏன்? நீங்கதானே தெரிஞ்சுக்கணும்னு கேட்டீங்க?”

சுகந்தி கைபேசியை எடுத்து நீட்டினார். கணேஷ் குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இணைப்பு. நம் திட்டம் வெளியிட்ட தெரு வரைபடம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி, கதகதப்பென்றால் பச்சை, குளிரும் ஈரமும் என்றால் சிவப்பு. பெயர் இல்லை, நான் கொடுத்த வாக்குச் சுத்தமாகக் காப்பாற்றப்பட்டிருந்தது. ஆனால் புள்ளி அவர் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது.

“இந்த ரோட்டில ஆர் இருக்கினம் எண்டு ஏஜென்டுக்குத் தெரியாதே? பச்சையைக் கண்ட உடனதான் எனக்கு மூச்சு வந்தது. சிவப்பெண்டால், வீட்டைப் பழுதாக்கிப்போட்டினம் எண்டு வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவினம். எங்கட விசாவுக்கு ஆரக்கா இன்னொரு வீடு தருவினம்? இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவை வாற ஒவ்வொரு முறையும் முதல் நாளே அந்தச் சுவரை உரஞ்சி உரஞ்சிக் கழுவிறனான். பிறகு அலமாரியைத் தள்ளி மறைச்சு விடுவன். அதை நீங்கள் ஊருக்கெல்லாம் காட்டப் போறீங்களே?”

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கணேஷ் நல்லெண்ணத்தில் செய்தார். மார்ட்டின், எல்லாத் தரவும் வெளியில் தெரிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒப்பந்தப்படி செய்யச் சொன்னார். வாடகைக்கு இருக்கும் ஒருத்திக்கு அந்தப் பச்சைப் பொட்டு என்ன, சிவப்புப் பொட்டு என்ன என்று மட்டும் யாருமே யோசிக்கவில்லை. காரில் ஏறியதும் கணேஷை அழைத்து, வரைபடத்தை உடனே எடுத்துவிடுங்கள் என்றேன்.

“அக்கா, அது எவ்வளவு வேலை தெரியுமா? எல்லாரும் பாராட்டுறாங்க...”

“தெரியும். எடுத்துடுங்க. பிறகு பேசலாம்.”

எடுத்துவிட்டார். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது வேறு.

இனிதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ஐரோப்பியக் கூட்டம் நெருங்கிவிட்டது. மார்ட்டினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். கிரெய்கிபர்ன் குழுவில் தரவின் தரம் போதவில்லை என்று ஒரு வரி போட்டு, சத்தமில்லாமல் அதை விலக்கிவிடலாம். மற்ற குழுக்களின் முடிவுகள் காப்பாற்றப்படும். நமக்கும் அவமானம் இல்லை.

கணேஷுக்கும் அதுவே சரியாகப் பட்டது. “கருவி கோளாறுன்னு சொல்லிடலாம் அக்கா. வெள்ளைக்காரங்க முன்னாடி, மெஷினுக்குப் பொட்டு வச்சு சாமி அலமாரியில வச்சிருந்தாங்கன்னு சொன்னா, நம்மள என்ன நினைப்பாங்க? இனிமே நம்ம ஆளுங்க டேட்டாவ எவன் நம்புவான்?”

அவர் சொன்னது எனக்கும் சுருக்கென்று தைத்தது. அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பழுப்பு நிறம். என் வாயாலேயே அதைச் சொல்லி, யாராவது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் எனக்குத் தாங்காது. மானம் பெரிதில்லை என்று புத்தகத்தில் எழுதலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

ஆனால் விலக்கினால் என்ன நடக்கும்? கிரெய்கிபர்னின் தமிழ் வீடுகள் கணக்கிலேயே இருக்காது. பழுது பார்க்கும் உதவி எந்தப் பகுதிக்கு வேண்டும் என்று வாதாடும்போது அவர்களுக்காகக் காட்ட ஒரு கோடு இருக்காது. விலக்காமல் விட்டாலோ, இன்னும் மோசம், அவர்கள் கதகதப்பாக இருக்கிறார்கள் என்று உலகம் கைதட்டும். இரண்டிலும் அபி அதே சுவருக்குப் பக்கத்தில்தான் தூங்குவாள். அந்த ஒன்றை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டு, நான் பேசுகிறேன் என்று மார்ட்டினிடம் சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு மாலை, அவர்களுக்குக் காலை. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். அலமாரியையும் விளக்கையும் வெள்ளிக்கிழமையையும் சொன்னேன். பொட்டையும் சொன்னேன், விடவில்லை. தவறு அந்த வீடுகளில் இல்லை, குழந்தைக்கு எட்டாத தட்டு எல்லா வீட்டிலும் இருக்கும் என்று எண்ணிய நம் விதிகளில் இருக்கிறது என்றேன். பிறகு வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் பார்க்கும்படி தரவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது உங்கள் கொள்கை, எனக்கும் அது பிடிக்கும், ஆனால் வீட்டை இழக்கக் கூடியவர்களிடம் அதைக் கேட்பதற்கு முன் நாம் எதை இழக்கிறோம் என்று ஒருமுறை யோசிப்போம் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்கு அது சகஜம்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்த ஆஸ்திரியப் பெண்மணி தன் ஒலிவாங்கியைத் திறந்தார். எங்கள் நகரத்திலும் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வீடுகள் எல்லாம் மிக நன்றாக இருந்தன, நாங்கள் மகிழ்ந்துபோய் அறிக்கையே எழுதத் தொடங்கிவிட்டோம், அவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கவில்லை, நாளைக்குப் போகிறேன் என்றார். அடுத்த கூட்டத்தில் அவரே சொன்னார். விருந்தாளி வந்தால் மட்டும் சூடேற்றும் முன்னறையில், கண்ணாடி அலமாரிக்குள், நல்ல பீங்கான் கோப்பைகளோடு வைத்திருந்தார்களாம். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது. புதுப் பொருளை மரியாதையான இடத்தில் வைக்கும் புத்தி நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை.

விதிகள் மாறின. வரைபடத்தில் வீடுகள் இருக்காது, பகுதியின் பெயர் மட்டும். முடிவுகள் முதலில் வீட்டுக்காரரின் கைபேசிக்குப் போகும், அவர் பார்த்து, சரி என்றால்தான் எங்களுக்கு வரும். எங்கே வைப்பது என்பதை வீட்டுக்காரரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மார்ட்டின் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். புதிய பக்கத்தைக் கணேஷே செய்துகொடுத்தார். முந்தியதைவிட அழகாகவே இருந்தது.

சுகந்தியிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அறைக்குள் வைக்கிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்க வாய் துடித்தது. கேட்டிருந்தால் எனக்காகச் சரி என்றிருப்பார், அந்தச் சரிக்கு ஒரு மதிப்பும் இல்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “யோசிச்சுச் சொல்லுறன் அக்கா,” என்றார். நான் திரும்பி வந்து நாட்கணக்கில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு படம் வந்தது. அபியின் கட்டில் தலைமாட்டில் ஒரு பலகைத் தட்டு புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கருவி. பொட்டு அழியாமல் அப்படியே இருந்தது.

அடுத்த பள்ளி விடுமுறையில் அவர்கள் காரை எடுத்துக்கொண்டு சிட்னியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கும் போயிருக்கிறார்கள். திரும்பி வந்த அன்று சுகந்தி அழைத்தார். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

“அக்கா, நாங்கள் வீட்டிலயே இல்லை! வீடு பூட்டிக் கிடந்தது. ஆரும் சமைக்கேல்லை, குளிக்கேல்லை, உடுப்புக் காயப்போடேல்லை. ஆனா கோடு கீழ இறங்கேல்லையக்கா. ஈரம் அப்பிடியே நிக்குது. விளங்குதே?”

அந்தக் கோட்டை நானோ மார்ட்டினோ பார்த்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. வீடு காலியாக இருந்தது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? முதலில் அவர் கைக்குப் போனதால்தான் அது பேசியது. வாடகைதாரர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஓர் இடத்துக்கு அவரை அழைத்துப் போனேன். கோட்டைப் பத்திரமாக வையுங்கள், சுவரைக் கழுவாதீர்கள், இரண்டும் சாட்சி என்றார்கள்.

கழுவாதீர்கள் என்று சொல்வது சுலபம். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் சுகந்தி இரண்டு தடவை அழைத்தார். பயமாக இருக்கிறது, கழுவிவிடட்டுமா என்று. உங்கள் வீடு, உங்கள் முடிவு, எதுவானாலும் நான் வருகிறேன் என்றேன். கழுவாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? எழும்பச் சொன்னால் நடுத்தெருவில் நிற்கப்போவது நானா?

மறுநாள் போனபோது அபியின் அறை அலமாரி அறையின் நடுவுக்கு இழுக்கப்பட்டிருந்தது. சுவர் முழுதும் கறுப்பு. அந்தச் சுவரை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஏஜென்ட் ஓர் இளம் பெண். வாசலிலேயே நின்றுவிட்டாள். சுகந்தி கைபேசியைக் காட்டி, வீடு காலியாக இருந்த நாட்களை விரலால் தொட்டுத் தொட்டுத் தன் ஆங்கிலத்தில் விளக்கினார். ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. பக்கத்துத் தெருக்களிலும் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன என்று நான் பகுதியின் முடிவுகளைக் கொடுத்தேன். அந்தப் பெண் படம் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரரிடம் பேசுகிறேன் என்று போனாள்.

எல்லா வீட்டிலும் கதை இப்படி முடிந்தது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து வேறு பகுதிக்குப் போக நேர்ந்தது. ஆனால் அந்தப் பகுதி வீடுகளைச் சோதிக்க ஏற்பாடு வந்தது, தங்கள் வீட்டையும் அளக்க வேண்டும் என்று புதிய குடும்பங்கள் தாமாகவே கேட்டு வந்தன. சுகந்தியின் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு பிளம்பரை அனுப்பிவைத்தார். அன்றைக்கும் சுகந்தி வரச் சொல்லிக் கூப்பிட்டார், போனேன்.

பிளம்பர் சுவர்ப் பலகையை வெட்டி எடுத்தார். உள்ளே மரம் ஊறி, சோறு மாதிரி குழைந்திருந்தது. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயின் ஒரு இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் விளக்கைப் பிடித்துக் காட்டினார்.

சுகந்தி ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு பக்கத்து அறைக்கு ஓடி, இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ரவியை எழுப்பிக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ. பைப் ஒழுகுது. நான் சமைச்சதால இல்லை. என்னால இல்லையப்பா.”

ரவி கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஈர மரத்தை விரலால் தொட்டார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “நானும் உம்மைத்தானே பிழை சொன்னனான்,” என்றார். சுகந்தி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். என் கண்ணிலும் தண்ணீர். தமிழ் தெரியாத பிளம்பர், ஸ்பானரைக் கையில் பிடித்தபடி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், பயந்துவிட்டார்.

“அழாதீர்கள், பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இது வெறும் பைப்தான்,” என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்.

சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. “யெஸ்,” என்று அவரிடம் தலையை ஆட்டினார். “யெஸ், யெஸ். ஒன்லி பைப்.”